ஒருமுறை மட்டும் சொல்லப்படும் செய்தி

இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியதும் திரையின் மேற்பகுதியில் பச்சைப் பட்டையொன்று தோன்றும். 'தங்கள் விவரங்கள் சேமிக்கப்பட்டன' என்றோ 'பணம் பெறப்பட்டது' என்றோ அதில் ஓரிரு சொற்கள் இருக்கும். அடுத்த பக்கத்துக்குச் சென்று திரும்பினால் அந்தப் பட்டை இராது. எவரும் அதைத் தேடுவதுமில்லை. வந்த காரியம் முடிந்தது என்ற நிறைவோடு வேறு வேலைக்குச் சென்றுவிடுகிறோம்.

இவ்வளவு சிறிய ஒன்றுக்கு வரலாறு உண்டா என வாசகர் கேட்கலாம். உண்டு, இணையத்தின் அடிப்படை இயல்போடும் அதன் பெரும் பிழைகளோடும் பின்னிப் பிணைந்த வரலாறு அது. ஒன்றை எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பது எளிது. கல்வெட்டு அதைத்தான் செய்கிறது. ஒன்றும் சொல்லாதிருப்பது அதனினும் எளிது. உரியவரிடம் மட்டும், உரிய வேளையில், சரியாக ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, சொன்னதை மறந்துவிடுவதே கடினம். அதற்கு நினைவும் வேண்டும், மறதியும் வேண்டும். இணையம் பிறந்தபோது அதற்கு நினைவு இருக்கவில்லை.

நிரலாளர் வட்டாரத்தில் இத்தகைய அறிவிப்புக்கு 'ஃபிளாஷ் செய்தி' என்று பெயர். 2020 டிசம்பரோடு விடைபெற்றுக்கொண்ட அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மின்னி மறைவது என்ற நேர்ப்பொருளிலேயே இச்சொல் இங்கு ஆளப்படுகிறது.

தொடர்பு அறாத காலம்

இணையத்துக்கு முன்பும் கணினிகள் மனிதர்க்கு மறுமொழி சொல்லிக்கொண்டுதான் இருந்தன. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய 'எட்' என்ற உரைத்தொகுப்பி, பயனர் தவறிழைத்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். என்ன தவறு, எங்கே தவறு என்ற விளக்கமெல்லாம் கிடையாது. யூனிக்ஸ் மரபில் ஒரு வேலை வெற்றியாக முடிந்தால் அமைதியே பதில். பயனர் முன்னிருந்த தொலைத்தட்டச்சுப் பொறி எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குறி தாளிலேயே கிடக்கும். அரைமணி கழித்தும் எடுத்துப் பார்க்கலாம்.

அங்கே இன்னொரு வசதியும் இருந்தது. பயனர் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரை அவருக்கும் கணினிக்கும் இடையே தொடர்பு அறுபடவில்லை. தொலைபேசியில் பேசுவது போன்ற நிலை அது. மறுமுனையில் இருப்பவர் யார், சற்றுமுன் என்ன கேட்டார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியும். 'முடிந்தது' என்று ஒருமுறை சொல்ல அதற்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

மறதியே இயல்பான வலை

1989 மார்ச்சில் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் முன்மொழிவை எழுதினார். ஆய்வாளர்கள் வருவதும் போவதுமாக இருந்த அந்நிறுவனத்தில் ஆவணங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை இணைப்பதே அவருடைய நோக்கம். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வழங்கியும் முதல் உலாவியும் இயங்கத் தொடங்கின. சேர்ன் ஊழியர்களிடையே வலையைப் பரவலாக்கிய பயன்களுள் ஒன்று அந்நிறுவனத்தின் தொலைபேசி எண் விவரத் திரட்டு என்பது குறிப்பிடத்தக்கது. எண்ணைத் தேடிக் கொடுக்கும் ஒரு திரட்டு, தன்னை நேற்றுப் புரட்டியவர் யார் என்று நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறையின் தொடக்க வடிவம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. உலாவி ஒரே வரியில் ஓர் ஆவணத்தைக் கேட்கும். வழங்கி அதை அனுப்பிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். அடுத்த கோரிக்கை வரும்போது அது முற்றிலும் புதியவர் ஒருவரிடமிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். முகவரி எழுதாத அஞ்சலட்டைகளைப் படித்துப் பதிலெழுதும் எழுத்தரைப் போன்றது அந்த வழங்கி. யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாததால் ஒரு சிறு கணினி பல்லாயிரம் பேருக்கு விடைசொல்ல முடிந்தது. வலை உலகெங்கும் அவ்வளவு விரைவில் பரவியதற்கு இந்த மறதி ஒரு முதன்மைக் காரணம்.

ஆவணங்களைப் படிப்பதோடு நின்றிருந்தால் சிக்கல் எழுந்திராது. 1993 அளவில் படிவங்கள் வந்தன. பயனர் எழுதி அனுப்புவதை வாங்கி நிரலொன்றிடம் ஒப்படைக்கும் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு அதே ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் உருவானது. படிக்கும் இடமாக இருந்த வலை, செயல் நடக்கும் இடமாயிற்று.

நெறிமுறை இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வைத்தது. 'கெட்' என்ற வினை ஆவணத்தைக் கேட்பதற்கு. எத்தனை முறை கேட்டாலும் எதுவும் மாறக்கூடாது. 'போஸ்ட்' என்ற வினை ஒன்றைச் சேர்ப்பிப்பதற்கு. அது உலகில் ஒரு மாற்றத்தை உண்டாக்கும். நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டிப் பார்ப்பதற்கும் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதை நூறு முறை செய்யலாம். இரண்டாவதை இரு முறை செய்தால் கணக்கில் பணம் குறையும்.

தொடக்கக் கால நிரல்கள், போஸ்ட் கோரிக்கைக்கு மறுமொழியாக நேரடியாகவே 'நன்றி, பெற்றுக்கொண்டோம்' என்ற பக்கத்தை அனுப்பின. அந்தப் பக்கம் திரையில் இருக்கையில் பயனர் புதுப்பித்தல் பொத்தானை அழுத்தினால் உலாவி அதே போஸ்ட் கோரிக்கையை மீண்டும் அனுப்பும். ஒரு புத்தகம் கேட்டவருக்கு இரண்டு வரும். ஒருமுறை செலுத்த வேண்டிய பணம் இருமுறை போகும். மீண்டும் அனுப்பட்டுமா என்று உலாவிகள் எச்சரிக்கைப் பெட்டியை நீட்டின. பயணச்சீட்டு வாங்கும் தளங்களிலும் வங்கித் தளங்களிலும் 'பின்செல்லும் பொத்தானை அழுத்தாதீர், பக்கத்தைப் புதுப்பிக்காதீர்' என்று நம்மை அச்சுறுத்தும் வரிகள் இந்தப் பழைய நோயின் எச்சங்களே. இயந்திரத்தின் குறையை மனிதனின் கட்டுப்பாட்டால் சரிசெய்யும் முயற்சி அது.

நினைவு புகுந்த கதை

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற இளம் நிரலாளர் பணியாற்றினார். எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடையொன்றை உருவாக்கும் வேலை வந்தது. வாங்குபவர் பாதியில் விட்டுச்சென்ற கூடையின் விவரத்தைத் தன் கணினியில் வைத்துக்கொள்ள அந்நிறுவனம் விரும்பவில்லை. அப்படியானால் அதை வாங்குபவரின் உலாவியிடமே கொடுத்துவைத்தால் என்ன என்று மான்டுல்லி எண்ணினார். வழங்கி ஒரு சிறு துண்டுச்சீட்டை உலாவியிடம் கொடுக்கும். உலாவி அடுத்த முறை வரும்போது அதைத் திரும்பக் காட்டும். யூனிக்ஸ் நிரலாளரிடையே முன்பே புழங்கிய 'மேஜிக் குக்கி' என்ற சொல்லிலிருந்து அதற்குக் 'குக்கி' என்று பெயர் வைத்தார். 1994 அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப்பின் முதல் உலாவியிலேயே அது இடம்பெற்றது.

வழங்கிக்கு இதனால் நேர்ந்த மாற்றம் பெரிது. துண்டுச்சீட்டில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணுக்குரிய விவரங்களைத் தன் ஏட்டில் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஏட்டுப் பகுதிக்கு 'அமர்வு' என்று பெயர். அஞ்சலட்டைகளுக்கு முகவரி வந்துவிட்டது.

பிழை விதியான விந்தை

இருமுறை அனுப்பும் நோய்க்கு மருந்தும் நெறிமுறைக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருந்தது. வழங்கி பக்கத்தை அனுப்பாமல், 'நீர் கேட்டது வேறிடத்தில் உள்ளது, அங்கே சென்று பாரும்' என்று பதில் சொல்லலாம். 1996 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1945 என்ற எண்ணுடன் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில் இதற்கு 302 என்ற குறியெண் இருந்தது. போஸ்ட் கோரிக்கைக்கு 302 வந்தால், புதிய இடத்துக்கும் உலாவி போஸ்ட் கோரிக்கையையே அனுப்ப வேண்டும் என்பது விதி. உலாவிகள் அதற்கு மாறாகக் கெட் கோரிக்கையை அனுப்பின.

விதிப்படி இது பிழை. ஆனால் நிரலாளர்களுக்குத் தேவைப்பட்டது இந்தப் பிழைதான். படிவத்தைப் பெற்று, வேலையை முடித்து, 302 என்று சொல்லிவிட்டால் உலாவி கெட் வழியாக வேறொரு பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும். அதன்பின் பயனர் எத்தனை முறை புதுப்பித்தாலும் பார்த்தலே திரும்ப நிகழும், பணம் போகாது. 1997 சனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1 இந்த நடத்தைக்கென்றே 303 என்ற முறையான குறியெண்ணை வழங்கியது. ஆயினும் பழக்கம் மாறவில்லை. இறுதியில் 2014-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7231, வரலாற்றுக் காரணங்களால் 302-க்குப் பின் போஸ்ட் கெட்டாக மாறலாம் என்று ஏற்றுக்கொண்டது. வழக்கு இலக்கணத்தை வென்ற கதைகள் மொழிகளுக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம்.

2004 ஆகஸ்டில் மைக்கேல் ஜூராவ்லெவ் என்பவர் எழுதிய கட்டுரையொன்று இந்த உத்தியை விரித்துரைத்துப் பரப்பியது. 'போஸ்ட், திசைமாற்றம், கெட்' என்ற மூன்றடிப் பெயர் நிலைபெற்றது.

நோய் தீர்ந்தது, மருந்தின் பக்கவிளைவு தொடங்கியது. வேலையைச் செய்த கோரிக்கை 'அங்கே சென்று பாரும்' என்றதோடு முடிந்துவிடுகிறது. அங்கே பக்கத்தைக் காட்டும் கோரிக்கை புதியது. முன்பு நடந்த எதையும் அறியாதது. வேலையைச் செய்தவருக்குப் பேச வாய்ப்பில்லை. பேச வாய்ப்புள்ளவருக்கு வேலை நடந்ததே தெரியாது. 'சேமிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லை இவ்விருவரிடையே யார் சுமந்து செல்வது?

தூதரைத் தேடிய நிரலாளர்கள்

முதலில் தோன்றிய வழி, செய்தியைப் பக்கத்தின் முகவரியிலேயே ஒட்டி அனுப்புவது. முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி, அதன்பின் செய்தி. எளிதுதான், ஆனால் மூன்று கேடுகள் உடையது. பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் செய்தி திரும்ப வரும். முகவரியை நண்பருக்கு அனுப்பினால், எதையும் சேமிக்காத அவருக்கும் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டும். மூன்றாவதே கொடியது: முகவரியை எவரும் எழுதலாம். 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு மோசக்காரர் எழுதி அனுப்பினால், வங்கியின் உண்மையான தளமே தன் வாயால் அப்பொய்யைச் சொல்லும். செய்திக்குப் பதிலாக நிரல்வரிகளையே நுழைத்துவிடவும் கூடும். இவ்வகைத் தாக்குதல் குறித்து அமெரிக்காவின் செர்ட் மையம் 2000 பிப்ரவரியில் பொது எச்சரிக்கை வெளியிட்டது.

எனவே செய்தியை அமர்வு ஏட்டில் எழுதிவைத்து, அடுத்த பக்கத்தில் காட்டிவிட்டு அழிப்பதே முறையானது என்ற முடிவுக்குப் பலரும் வந்தனர். ஒவ்வொருவரும் இதைத் தம் போக்கில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 2004 சூலையில் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற நிரற்சட்டகத்தைப் பொதுவில் வைத்தார். சிகாகோவின் 37சிக்னல்ஸ் நிறுவனத்துக்காக அவர் எழுதிய பேஸ்கேம்ப் என்ற மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்தது அது. அதில் 'ஃபிளாஷ்' என்ற சிறு பெட்டி இருந்தது. அதனுள் எதை இட்டாலும் அடுத்த கோரிக்கைக்குக் கிடைக்கும், அதன்பின் துடைக்கப்படும். ஃபிளாஷ் என்ற சொல் பரவலாக நிலைத்ததில் ரெயில்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்வந்த லாராவெல், ஃபிளாஸ்க் முதலிய சட்டகங்களிலும் அதே சொல்லைக் காண்கிறோம்.

2007 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 2.0, அமர்வு முழுவதையும் குக்கியிலேயே வைக்கும் முறையை இயல்பாக்கியது. இதன் விளைவை எண்ணிப் பார்த்தால் புன்னகை வரும். பயனரிடம் சொல்ல வேண்டிய செய்தியைப் பயனரின் உலாவியே சுமந்துசென்று வழங்கியிடம் நீட்டுகிறது. வழங்கி அதைப் பிரித்து அவருக்கே படித்துக் காட்டுகிறது. வழியில் எவரும் திருத்தாதிருக்க அரக்கு முத்திரை போன்ற ஒரு கணிதக் கையொப்பம் உண்டு. சுமையின் அளவு 4 கிலோபைட்டைத் தாண்டலாகாது. முத்திரை இருந்தும் மடல் திறந்தே இருந்தது; 2013-இல் வந்த ரெயில்ஸ் 4 தான் அதை மறையீடு செய்து மூடியது.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ என்ற சட்டகம், 2005 சூலையில் வெளியானது. அது செய்திகளைத் தரவுத்தளத்தில் பயனரின் பெயருக்கு எழுதி வைத்தது. அவற்றை எடுத்துத் தரும் செயற்கூற்றின் பெயரே 'எடு, அழி' என்ற பொருள்படும் 'கெட் அண்ட் டிலீட் மெசேஜஸ்'. இதில் ஒரு குறை இருந்தது: கணக்கு வைத்து உள்நுழைந்தவருக்கு மட்டுமே செய்தி சொல்ல முடியும், பெயரில்லாத வழிப்போக்கரிடம் ஒரு சொல் பேச இயலாது. 2010 மே மாதம் வந்த ஜாங்கோ 1.2 இக்குறையை நீக்கியது. செய்தி சிறியதானால் குக்கியில் செல்லும், இடம் போதாவிட்டால் அமர்வுக்குச் செல்லும். வெற்றி, எச்சரிக்கை, பிழை முதலான ஐந்து தரங்களும் வகுக்கப்பட்டன.

இவ்விரு சட்டகங்களும் 'எப்போது மறப்பது' என்ற கேள்விக்குத் தந்த விடைகள் வேறானவை. ரெயில்ஸ் முறையை எண்ணுகிறது: அடுத்த கோரிக்கை வந்துபோனால் செய்தியின் ஆயுள் முடிந்தது, காட்டினாலும் காட்டாவிட்டாலும். ஜாங்கோ காட்டலை எண்ணுகிறது: பக்கத்தில் எழுதப்படும் வரை செய்தி காத்திருக்கும், எழுதியதும் அழியும். முதலாவதில் செய்தி காட்டப்படாமலேயே போகலாம். இரண்டாவதில், என்றோ செய்த காரியத்தின் அறிவிப்பு தொடர்பில்லாத பக்கத்தில் வந்து நிற்கலாம். படித்தலை எண்ண இரண்டுக்கும் வழியில்லை.

நடைமுறையில் இது வெறும் தத்துவமன்று. ஒருவர் இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்திருந்தால், ஒன்றில் செய்ததற்கான அறிவிப்பு மற்றதில் தோன்றிவிடுகிறது. பக்கத்தின் பின்னணியில் ஓசையின்றி ஓடும் ஒரு கோரிக்கை 'அடுத்த கோரிக்கை'யாக எண்ணப்பட்டு, செய்தி எவர் கண்ணிலும் படாமல் மறைகிறது. 2005 மே மாதம் கூகுள் வெளியிட்ட 'வெப் ஆக்சிலரேட்டர்' என்ற விரைவுபடுத்தும் மென்பொருள், பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பயனர் சொடுக்கும் முன்பே தானே சென்று எடுத்து வைத்தது. கெட் வினை தீங்கற்றது என்ற விதியை அது நம்பியது. பல தளங்களோ 'அழி' என்ற செயலையும் வெறும் இணைப்பாக வைத்திருந்தன. 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் பேக்பேக் முதலிய தளங்களில் பயனர்களின் பக்கங்கள் அவர்கள் தொடாமலேயே அழிந்தன. 'அழிக்கப்பட்டது' என்ற அறிவிப்பு எழுந்திருந்தாலும் அதைப் பெற்றது மனிதக் கண் அன்று.

நினைவின் விலை

கூடையில் இட்ட பொருளை நினைவிற்கொள்ளவே குக்கி பிறந்தது. அதன் வாழ்க்கை அங்கே நின்றுவிடவில்லை. ஒரு பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் விளம்பரப் படம் இருந்தால் அந்நிறுவனமும் தன் துண்டுச்சீட்டைக் கொடுக்க முடியும். நூறு தளங்களில் அதன் படம் இருந்தால் நூறு இடங்களிலும் அதே மனிதரை அடையாளம் காண முடியும். 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 இதை முன்னுணர்ந்து, மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாக ஏற்கலாகாது என்றது. அதை எழுதிய இருவருள் மான்டுல்லியும் ஒருவர். அன்றைய முன்னணி உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. ஆப்பிளின் சஃபாரி அவற்றை முழுமையாகத் தடுத்தது 2020 மார்ச்சில். தானும் கைவிடுவதாக அதே ஆண்டு சனவரியில் அறிவித்த கூகுள், 2024-இல் அம்முடிவிலிருந்து பின்வாங்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் விளைவாகத் தளங்கள் தோறும் 'குக்கிகளை ஏற்கிறீர்களா' என்ற பட்டை முளைத்தது. அதுவும் ஒருமுறை மட்டும் காட்டப்பட வேண்டிய செய்தியே. 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னதை நினைவில் வைக்கப் பெரும்பாலும் ஒரு குக்கியைத்தான் வைத்தாக வேண்டியிருக்கிறது என்பது இவ்வரலாற்றின் கசப்பான நகைச்சுவை.

மின்னும் கணத்தின் நீளம்

2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் தம் கட்டுரையில் 'அஜாக்ஸ்' என்ற பெயரைச் சூட்டிய உத்தி, பக்கத்தை மாற்றாமலேயே வழங்கியோடு பேசும் வழியைப் பொதுவழக்காக்கியது. திசைமாற்றம் இல்லாததால் தூதரும் தேவையற்றுப் போனார். ஆனால் பக்கமே மாறாவிட்டால் ஏதோ நடந்தது என்பதைப் பயனர் எப்படி அறிவார்? மாறிய பகுதி மஞ்சளாக ஒளிர்ந்து மெல்ல வெளிறும் உத்தியை 37சிக்னல்ஸ் 2004-இலேயே பேஸ்கேம்ப்பில் கையாண்டிருந்தது. பிறகு தானே தோன்றித் தானே மறையும் சிறு பெட்டிகள் வந்தன. 2008-இல் வெளியான ஆண்ட்ராய்டில் அதற்கு 'டோஸ்ட்' என்று பெயர். வாட்டியிலிருந்து துள்ளியெழும் ரொட்டித்துண்டை நினைவூட்டும் சொல். அது திரையில் நிற்கும் காலம் இரண்டே வகை: 2 நொடி அல்லது 3.5 நொடி.

இதே காலத்தில் அறிவிப்புக்கு ஒரு புதிய கடமையும் சேர்ந்தது. 2004 ஏப்ரலில் அறிமுகமான ஜிமெயில், 'மடல் நீக்கப்பட்டது' என்ற செய்தியின் அருகிலேயே செய்ததைத் திரும்பப் பெறும் இணைப்பையும் வைக்கும் பழக்கத்தைப் பரப்பியது. ஒவ்வொரு செயலுக்கு முன்பும் 'உறுதிதானா' என்று கேட்பதைவிட, செய்தபின் மீள வழிவிடுவதே மேல் என்று ஏசா ராஸ்கின் 2007-இல் எழுதினார். கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விக்குக் கை தானாகவே 'ஆம்' என்று அழுத்திவிடும் என்பது அவர் வாதம். 2009 மார்ச்சில் ஜிமெயில் சோதனைமுறையில் தந்த 'அனுப்பியதைத் திரும்பப் பெறும்' வசதி இன்னும் நுட்பமானது. அனுப்பியாயிற்று என்று அறிவித்துவிட்டு, உண்மையில் 5 நொடிகள் மடலைக் கையிலேயே வைத்திருந்தது அது. அந்த ஐந்து நொடிகளுக்குச் செய்தி பொய். மனிதரின் பதற்றத்துக்கு இடமளிக்கும் பொய்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இரண்டு நொடிகளில் மறையும் செய்தி யாருக்காக எழுதப்பட்டது? விரைந்து படிப்பவருக்கு, கூர்ந்த பார்வை உடையவருக்கு, அக்கணத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு. முதியவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர், அந்த மொழியைப் புதிதாகக் கற்றவர், திரையைப் பெரிதாக்கி அதன் ஒரு மூலையை மட்டும் காண்பவர் ஆகியோர் அந்தக் கணக்கில் இல்லை. திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு கேட்டுப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்குப் பச்சைப் பட்டை என்ற ஒன்றே இல்லை. பணம் சென்றதா இல்லையா என்று அறியாமல், மீண்டும் பொத்தானைத் தேடி அழுத்துபவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நெறிமுறைகள் இதற்கும் வந்தன, தாமதமாக. 2008 டிசம்பரில் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டி 2.0, கால வரம்புகளைப் பயனர் நீட்டிக்க இயல வேண்டும் என்றது. 2014 மார்ச்சில் முழுமையடைந்த 'ஏரியா' என்ற தரம், ஒரு பகுதி நிலைச்செய்தி என்பதைத் திரைவாசிப்பிக்கு உணர்த்தும் குறிகளைத் தந்தது. 2018 சூனில் வந்த 2.1 பதிப்பு, பயனரின் கவனம் இருக்கும் இடத்தை மாற்றாமலேயே நிலைச்செய்திகள் அவருக்கு எட்ட வேண்டும் என்பதைத் தனி விதியாக்கியது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, செய்திகள் நிற்கும் நேரத்தை நீட்டிக்கும் அமைப்பைப் பயனர் கையில் கொடுத்தது. இவற்றிலும் ஒரு நுணுக்கம் தப்பிவிடுவதுண்டு: பக்கம் ஏறும்போதே உள்ளிருக்கும் செய்தியைத் திரைவாசிப்பிகள் பல வேளை தனியே அறிவிப்பதில்லை, ஏற்கெனவே உள்ள இடத்தில் புதிதாக வந்து சேரும் சொல்லையே அறிவிக்கின்றன. திசைமாற்றத்துக்குப் பின் வரும் பழைய பாணிப் பட்டைகள், குறிகள் சரியாக இருந்தும் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

காட்டுதலும் சேர்தலும்

நம் அஞ்சல்துறையின் பதிவு அஞ்சலோடு இணைத்தனுப்பிய ஒப்புகை அட்டையை வாசகர் பலர் அறிந்திருப்பர். பெற்றவர் கையொப்பமிட்ட அட்டை அனுப்பியவரிடம் திரும்பி வரும். மடலைக் கொண்டுசேர்ப்பது வேறு, சேர்ந்ததை அறிவது வேறு என்ற தெளிவு அதில் இருந்தது. இங்கு நாம் கண்ட செய்திக்கு அந்த அட்டை கிடையாது. வழங்கி காட்டியதாக எண்ணுகிறது, காட்டியதால் மறக்கிறது. கண்ணுக்கோ காதுக்கோ அது எட்டியதா என்பது அதன் கணக்கில் இல்லை. முப்பது ஆண்டுகளில் நெறிமுறை, குக்கி, திசைமாற்றம், சட்டகம் என ஒவ்வொன்றும் அந்தச் சொல்லை ஒரு படி முன்னே கொண்டுவந்தன. கடைசிப் படி, திரைக்கும் மனிதருக்கும் இடையிலுள்ளது, இன்னும் கடக்கப்படவில்லை.

கடக்க முடியாததை அறிந்தவர்கள் ஓர் எளிய ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். மறைந்துபோகும் செய்தியில் சொல்வது எதுவாயினும், அது மறையாத ஓரிடத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் செலுத்தியதற்குப் பட்டையோடு பற்றுச்சீட்டும் மின்னஞ்சலும் வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கு எண்ணும், அதைப் பின்னர் தேடிப் பார்க்கும் பக்கமும் வேண்டும். வேறெங்கும் பதிவாகாத ஒரு செய்தியை இரண்டு நொடி காட்டிவிட்டுச் சொல்லிவிட்டதாகக் கணக்கு முடிக்கும் தளம், அதைத் தவறவிட்டவரின் பணத்தோடும் நாளோடும் விளையாடுகிறது. அடுத்த முறை பச்சைப் பட்டையொன்று மின்னி மறையும்போது, அது சொன்ன செய்தி வேறெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்தத் தளம் தன் பயனரை எவ்வளவு மதிக்கிறது என்பது அந்தத் தேடலில் தெரிந்துவிடும்.